படத்துக்குக் கீழே யார் பேரு?



போன மாதம் எங்கள் படிப்பு வட்டத்தில் புத்தகம் எதுவும் வாசிக்கவில்லை. பத்து வண்ணப் படங்களை நகலெடுத்துக்கொண்டு போயிருந்தேன். யார் வரைந்தது என்று சொல்லாமல் சுற்றுக்கு விட்டேன். சாயங்கால வானம், அதன் முன்னால் கறுத்து நிற்கிற மரங்கள், ஈட்டியோடு பதுங்குகிற ஆள், தலையைத் தூக்கிப் பார்க்கிற கங்காரு, நெருப்பைச் சுற்றி ஆடுகிற கூட்டம். ஓவியக் கல்லூரியில் படித்தவன் வேலை என்றான் ஒருவன். வெள்ளைக்காரன் வரைஞ்சது என்றான் இன்னொருவன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைந்தது, அதுவும் தாய் தகப்பனிடமிருந்து அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு வந்து அடைத்துவைத்த பிள்ளைகள் வரைந்தது என்று சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, முதலாமாண்டு படிக்கிற தங்கச்சி ஒன்று கேட்டது: "அண்ணே, இந்தப் பிள்ளைங்க பேரு தெரியுமா? இல்ல, 'பழங்குடிச் சிறுவர் வரைந்தது'ன்னு எழுதிப்போட்டு முடிச்சுட்டாங்களா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காக எழுதுவது. அந்தக் கேள்வி என்னை ஏன் இவ்வளவு தைத்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்த கல்லூரியில் நாட்டார் கலைப் பொருட்களுக்கென்று ஓர் அறை உண்டு. கண்ணாடிப் பெட்டி, ஒற்றைக் குழல்விளக்கு, எப்போதும் பூட்டு. வருகிறவர்களுக்கு மட்டும் திறந்து காட்டுவார்கள். அதற்குள் ஒரு பறை தொங்கியது. கீழே அட்டையில் 'தோற்கருவி, தென்னார்க்காடு' என்று மட்டும் இருந்தது. எங்க அப்பா பறை கட்டத் தெரிந்தவர். மூணு துண்டு வேப்பங்கட்டையை வளைச்சு, இரும்புத் தகட்டால் இணைச்சு, கன்னுக்குட்டித் தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டுவார். தோல் காய்கிற வரைக்கும் யாரையும் பக்கத்தில் விடமாட்டார். கட்டை சேர்கிற இடத்தைப் பார்த்தாலே இது இன்னார் கட்டினது என்று எங்க தெருவில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில், "இதை யார் கட்டினது சார்?" என்று பேராசிரியரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "நாட்டுப்புறக் கலைக்கெல்லாம் தனி ஆள் கிடையாதுப்பா, அது சமூகத்தோட படைப்பு" என்றார். அதே வளாகத்தில், வாசலில் மாட்டியிருந்த எண்ணெய் வண்ண ஓவியத்தின் மூலையில் வரைந்தவரின் கையெழுத்து இருந்தது. அதற்கு மட்டும் எப்படித் தனி ஆள் இருந்தார் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

இன்னொன்றும் அந்த அட்டையில் இல்லை. எங்க அப்பா நாற்பது வயதுக்கு மேல் சாவுக்கு அடிக்கப் போக மாட்டேன் என்று நிறுத்தினார். அதற்காக ஊரில் என்ன பட்டார் என்பது எங்க குடும்பத்துக்குத் தெரியும். பறை எங்களுக்குக் கலையும்தான், கட்டாய ஊழியமும்தான். இரண்டில் எது என்று நமக்குள்ளேயே எத்தனை கூட்டங்களில் சண்டை போட்டிருக்கிறோம். கண்ணாடிப் பெட்டி இந்தச் சண்டையையே துடைத்துவிட்டு 'பாரம்பரியம்' என்று ஒரு சொல்லை ஒட்டிவிடுகிறது.

*

இனி அந்தப் படங்களின் கதைக்கு வருவோம்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதி நூங்கார் மக்களின் பூமி. 1905ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். தொல்குடிப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பதினாறு வயது வரை 'தலைமைப் பாதுகாவலர்' என்ற அதிகாரிதான் சட்டப்படிக் காப்பாளர் என்றது அந்தச் சட்டம். பெற்ற தாயும் தகப்பனும் உயிரோடு இருக்கும்போதே பிள்ளை அரசாங்கத்துச் சொத்து. பெயரைக் கவனியுங்கள், 'பாதுகாவலர்'! அப்படிப் பிடுங்கிய பிள்ளைகளைக் கொண்டுபோய்ப் போட்ட குடியிருப்புகளில் ஒன்று, காட்டனிங் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த கரோலப். 1915ல் தொடங்கி, 1922ல் மூடி, 1940ல் மறுபடியும் திறந்தார்கள். ராத்திரியில் பிள்ளைகளைக் கொட்டடிக்குள் விட்டு வெளியே பூட்டினார்கள்.

1946ல் நோயல் ஒயிட் என்ற ஆசிரியர் அங்கே வந்தார். பிள்ளைகளை வகுப்பைவிட்டு வெளியே காட்டுப்பக்கம் நடத்திக் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும், பார்த்ததை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கையில் இருந்தது பள்ளிக்கூடத்துக் காகிதமும் சுண்ணக்கட்டியும் வண்ணக்கட்டியும்தான். சில வருஷத்துக்குள் பார்த்தவர்கள் வாயடைத்துப்போகிற படங்களை அந்தப் பிள்ளைகள் வரைந்து குவித்தார்கள். ரெவல் கூப்பர், ரேனால்ட் ஹார்ட், பார்னல் டெம்ப்ஸ்டர், பாரி லூ. பேர்கள் இருக்கின்றன, தங்கச்சி.

1949ல் புளோரன்ஸ் ரட்டர் என்ற இங்கிலாந்துக்கார அம்மா அங்கே வந்தார். எழுபது வயதைக் கடந்தவர். படங்களைப் பார்த்து மனம் பறிகொடுத்து, பிள்ளைகளுக்கு உதவி திரட்டவேண்டும் என்று ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காட்சி வைத்தார். லண்டன் பார்த்தது, ஹாலந்து பார்த்தது. படங்கள் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டிருந்த காலத்திலேயே மேற்கு ஆஸ்திரேலிய அரசு கரோலப் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டது. இடம் பையன்களுக்கான பண்ணைவேலைப் பயிற்சிக்குப் போனது. வரைய வந்த கைக்கு அரசாங்கம் கொடுத்தது மண்வெட்டி. நம்ம ஊரில் 1953ல் அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் வந்ததே, அந்த மூளையும் இந்த மூளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மூளைகள்தான்.

கடைசியில் கைக்காசை இழந்துவிட்ட ரட்டர் அம்மா, 1956ல் படங்களை ஹெர்பர்ட் மேயர் என்ற நியூயார்க்கைச் சேர்ந்த சேகரிப்பாளரிடம் விற்றார். மேயர் 1966ல் தான் படித்த கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கு அதையெல்லாம் அன்பளிப்பாகக் கொடுத்தார். பற்பசை, சோப்பு விற்கிற கோல்கேட் குடும்பத்தின் பேர்தான் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும். கொடுத்தவர் பேரும் வாங்கியவர் பேரும் ஒழுங்காகப் பதிவானது. படங்கள் கலைக்கூடத்தின் கிடங்குக்குள் போயின.

38 வருஷம். 2004ல் ஹோவர்ட் மார்பி என்ற ஆஸ்திரேலிய மானிடவியலாளர் வேறு காரியமாக அங்கே போனபோது, அந்தப் படங்களை எடுத்துக் காட்டினார்கள். அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. செய்தி நூங்கார் மக்களுக்குப் போனது. அவர்களின் பிரதிநிதிகள் கடல் கடந்து போய்த் தங்கள் உறவுக்காரர்கள் சின்னப் பிள்ளையில் வரைந்ததைப் பார்த்தார்கள். 2006ல் ஒரு பகுதி படங்கள் கடனாக வந்து காட்டனிங்கிலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. 2013ல் கோல்கேட், சுமார் 120 படங்களைப் பெர்த் நகரிலுள்ள கர்ட்டின் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தது. அந்த வருஷக் காட்சிக்கு நூங்கார் மொழியில் வைத்த பேருக்கு 'இதயம் வீடு திரும்புகிறது' என்று பொருள்.

ரெவல் கூப்பர் அதைப் பார்க்க இல்லை. அவர் 1983லேயே செத்துப்போனார். வாழ்நாளில் பல வருஷங்களைச் சிறைகளில் கழித்தவர். சிறைக்குள்ளும் வரைந்தார். அவர் சின்ன வயதில் வரைந்த படங்கள் அமெரிக்கக் கிடங்கில் பத்திரமாக இருந்த வருஷங்களில், வரைந்தவர் கம்பிக்குப் பின்னால் இருந்தார். படத்துக்குக் கிடைத்த பத்திரம் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

*

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபணை வரும். எங்கள் வட்டத்திலும் வந்தது. "பல்கலைக்கழகம் வச்சிருந்ததாலதானே இன்னைக்கு இருக்கு? கரோலப்பிலேயே விட்டிருந்தா குப்பைக்குப் போயிருக்கும். அந்த அம்மாவும் வாத்தியாரும் நல்லவங்கதானே?"

இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. காகிதமும் வண்ணக்கட்டியும் சீக்கிரம் அழிகிற பொருட்கள். கிடங்கில் வைத்ததால் தப்பித்தன என்பது உண்மை. நோயல் ஒயிட் மாதிரி ஒரு வாத்தியார் நம்மில் எத்தனையோ பேர் வாழ்க்கையிலும் இருந்திருப்பார். கடைசி பெஞ்சிலிருந்து எழுப்பி முன்னால் உட்காரவைத்த ஒருவர். அந்த நன்றியை யாரும் நம்மிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை.

ஆனால் கேள்வியை முழுசாகக் கேளுங்கள். கரோலப்பில் விட்டிருந்தால் ஏன் அழிந்துபோயிருக்கும்? பிள்ளைகளை வீட்டிலிருந்து பிடுங்கியதால். வீடு என்ற ஒன்று இருந்திருந்தால், ஒரு அம்மா அதை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பாள். அந்த அம்மாவைச் சட்டப்படி இல்லாமல் ஆக்கிவிட்டு, பிறகு படத்தைக் காப்பாற்றினோம் என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? நல்ல மனசுக்காரர்கள் ஆளாளுக்கு அவர்களால் முடிந்ததைச் செய்தார்கள். ஆனால் வாங்கல், விற்றல், அன்பளிப்பு என்று கைமாறிய ஒவ்வொரு தடவையும் அந்தப் பிள்ளைகளிடமோ பெற்றோரிடமோ கேட்க வேண்டும் என்கிற கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. இது தனி ஆளின் குணக்கேடு பற்றிய பிரச்சினையே இல்லை. யாரிடம் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டியதில்லை என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவைத்திருக்கிற அதிகாரம் பற்றியது.

அதே 1966ல் ஆஸ்திரேலியாவில் இன்னொன்று நடந்தது. புதிய ஒரு டாலர் நோட்டு வந்தது. அதில் மரப்பட்டை ஓவியம் ஒன்றை எடுத்து அச்சடித்திருந்தார்கள். வரைந்தவர் டேவிட் மலாங்கி. அவரிடம் யாரும் கேட்கவில்லை. பழங்குடி ஓவியம்தானே, பேர் தெரியாத யாரோ எப்போதோ வரைந்தது என்று நினைத்துவிட்டார்கள். அவரோ உயிரோடு, வரைந்துகொண்டு இருந்தார். விஷயம் வெளியே வந்த பிறகு ரிசர்வ் வங்கி ஆயிரம் டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடிக்கிற சாமான்களும் கொடுத்தது. நாடே கையில் வைத்துப் புழங்கிய நோட்டு அது. 'சமூகத்தோட படைப்பு' என்று பேராசிரியர் சொன்னாரே, அந்தச் சொல் நடைமுறையில் எப்படி வேலை செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. சமூகத்தின் படைப்பு என்றால் சமூகத்திடம் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? சமூகத்திடமும் கேட்க மாட்டார்கள், ஆளிடமும் கேட்க மாட்டார்கள். யாருக்கும் சொந்தமில்லாதது என்று ஆக்கி எடுத்துக்கொள்வதற்கு அது ஒரு மரியாதையான சொல்.

பேர் எழுதிவைப்பது அந்தக் காலத்தில் முடியாத காரியமும் இல்லை. 1947ல் ஆஸ்திரேலியாவின் வடக்கே யிர்க்காலா என்ற இடத்தில் ரொனால்ட் பெர்ண்ட் என்ற ஆய்வாளர், மரப்பட்டை கொண்டுபோவது சிரமம் என்பதால், அங்கிருந்த மூத்தவர்களுக்குப் பழுப்புக் காகிதமும் வண்ணக்கட்டியும் கொடுத்தார். 365 படங்கள் சேர்ந்தன. யார் வரைந்தது, எந்த இடம், என்ன கதை என்று கேட்டுக் குறித்துவைத்தார். அவை இன்றைக்கு மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் பெர்ண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. குறித்துவைத்ததால்தான் இன்றைக்கு ஒரு பேரப்பிள்ளை போய் "இது எங்க தாத்தா வரைஞ்சது" என்று சொல்ல முடிகிறது.

அதே யிர்க்காலா மக்கள் 1963ல் என்ன செய்தார்கள் என்பது நம் தோழர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர்கள் நிலத்தை பாக்சைட் சுரங்கத்துக்கு அரசாங்கம் எடுத்துக் கொடுத்தது. அவர்கள் மனு எழுதினார்கள். தங்கள் மொழியிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்த காகிதத்தை மரப்பட்டையில் ஒட்டி, அதைச் சுற்றிலும் தங்கள் குலங்களின் ஓவியங்களை வரைந்து நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஓவியம் அழகுக்குப் போட்ட கரை இல்லை. இந்த நிலம் எங்களுடையது என்பதற்கான பட்டா அதுதான். நீதிமன்றம் 1971ல் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்தப் போராட்டம் நிற்கவில்லை. 1976ல் வடக்குப் பிரதேசத்துக்கு நில உரிமைச் சட்டம் வந்ததற்குப் பின்னால் அந்த மரப்பட்டை இருக்கிறது. 1892ன் பஞ்சமி நிலத்துக்கு ஆவணத்தைத் தேடி அலைந்தவர்கள் நாம். 1994ல் காரணையில் அதற்காகத் துப்பாக்கிக் குண்டு வாங்கியவர்கள். ஓர் ஆவணம் யார் கையில் இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினை என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

*

அவர்கள் நிலைமையும் நம் நிலைமையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய நாட்டையே எடுத்துக்கொண்டு, இங்கே யாருமே இல்லை என்று சொன்னார்கள். நம்மை ஊருக்கு வெளியே வைத்து, நம் உழைப்பு மட்டும் உள்ளே வரட்டும் என்றார்கள். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பினால் இரண்டு பேருக்குமே துரோகம். ஆனால் நம் கையால் செய்த பொருள் அவர்கள் அறைக்குள் போகலாம், செய்த கை வாசலில் நிற்க வேண்டும் என்கிற ஏற்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

2013ன் திரும்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் அதைச் சின்னதாக்க விரும்பவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தாமலே ஒரு பல்கலைக்கழகம் தன் கையிலிருந்ததை விட்டுக்கொடுத்தது பெரிய விஷயம். ஆனாலும் கவனியுங்கள்: ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு பல்கலைக்கழகத்துக்குத்தான் போனது. அந்தப் பல்கலைக்கழகம் நிற்கிற இடமும் நூங்கார் பூமிதான். கர்ட்டின், நூங்கார் மூத்தவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறது, பிடுங்கப்பட்ட பிள்ளைகளின் உண்மையைப் பேசுகிற ஓர் இடமாக அந்தத் தொகுப்பை வளர்க்க முயல்கிறது. நல்லது. சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. 2008ல் ஆஸ்திரேலியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் பிடுங்கப்பட்ட தலைமுறையிடம் மன்னிப்புக் கேட்டார். 2023 அக்டோபரில், தொல்குடிகளின் குரலை அரசியல் சாசனத்தில் சேர்க்கலாமா என்று மக்களிடம் கேட்டபோது நூற்றுக்கு அறுபது பேர் வேண்டாம் என்றார்கள். படத்தைச் சுவரில் மாட்ட வருகிற மனசு, வரைந்தவர் பேசும்போது காது கொடுக்க வருவதில்லை. மன்னிப்பும் காட்சியும் மட்டும் போதாது என்பதற்கு இது சாட்சி.

சரி, நாம் என்ன செய்வது? மாணவத் தோழர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ மானிடவியல் துறை, நாட்டார் வழக்காற்றியல் துறை, அருங்காட்சியகம் என்று ஏதாவது ஒன்று இருக்கும். உள்ளே போங்கள். இருளர் கூடை இருக்கும், தோடர் பூத்தையல் இருக்கும், குறும்பர் ஓவியம் இருக்கும், நம் பறை இருக்கும். இருப்புப் பதிவேட்டைக் கேளுங்கள். இந்தப் பொருள் எந்த வருஷம், யாரிடமிருந்து வந்தது? காசு கொடுத்து வாங்கியதா, சும்மா எடுத்து வந்ததா? செய்தவர் பேர் என்ன? பேர் தெரியவில்லை என்றால், தேடிப் பார்த்தீர்களா? அவர் பேரப்பிள்ளைகள் வந்தால் கட்டணமில்லாமல், அனுமதிக் கடிதமில்லாமல் பார்க்க விடுவீர்களா? திருப்பிக் கேட்டால் யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும்? அரசுக் கல்லூரி என்றால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. வெள்ளைத்தாளில் எழுதிப்போடுங்கள்.

இது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். கூலி உயர்வுக்கும் நிலத்துக்கும் போராடும்போது அட்டையில் பேர் எழுதுவதா முக்கியம் என்று கேட்கிற மூத்த தோழர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இதுதான். வருகைப் பட்டியலில் பேர் இல்லாதவனுக்குக் கூலி கிடையாது என்று நமக்கு வயல்வெளியிலேயே தெரியும். படைத்தவர்கள் பட்டியலிலும் அப்படித்தான்.

கூட்டம் முடிந்த மறு வாரம், அந்தத் தங்கச்சியும் இன்னும் நான்கு பேரும் என்னோடு நான் படித்த கல்லூரிக்கு வந்தார்கள். பறை இன்னும் அங்கேதான் தொங்குகிறது. தோல் ஓரத்தில் கிழிந்திருக்கிறது. அட்டை மட்டும் புதுசு, கணினியில் அடித்தது, அதே வரி. பதிவேட்டைக் கேட்டோம். பொறுப்பில் இருந்தவர் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். எழுத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த மனுவில் எங்கள் ஆறு பேர் பேரும், அப்பன் பேரும், தெருப் பேரும் முழுசாக எழுதியிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வருகிற மாதம் மறுபடியும் போகிறோம். எங்க தெருவிலிருந்து, கட்டை சேர்கிற இடத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருத்தர் இன்னும் இருக்கிறார். இந்தத் தடவை அவரையும் கூட்டிப்போகிறோம்.